எட்டாவது ஷரத்து: வெள்ளை நாய் ஒன்று

அரைகுறையாகச் சட்டம் படித்த ஒருத்தி வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது என் அக்கா கல்யாணத்தின்போதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மதுரையில் சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷம். அது ஒரு மாதிரியான வருஷம். முதல் வருஷத்துப் பயம் போயிருக்கும், மூன்றாம் வருஷத்து அறிவு வந்திருக்காது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால்கூட, இது முன்மொழிவா ஒப்புதலா என்று பக்கத்து சீட்டு ஆளைப் பிடித்து விளக்குவேன். பாவம், அந்த ஆள் திருமங்கலத்திலேயே இறங்கிவிடுவார்.

அந்தச் சமயம் ஊர் முழுக்க ஒரே பேச்சு, உலக வர்த்தக ஒப்பந்தம். எங்கோ ஜெனீவாவில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். அதில் இந்தியா கையெழுத்துப் போட்டால் கூமாப்பட்டி விவசாயி விதைநெல் வைத்துக்கொள்ள முடியாதாம். வேப்பங்குச்சியில் பல் விளக்கினால் போலீஸ் வருமாம். இதில் உண்மை எவ்வளவு, மசாலா எவ்வளவு என்று பேசியவர்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ராஜபாளையத்தில் இந்த ஒப்பந்தத்துக்கு எதிராக அதிகச் சத்தம் போட்டவர் என் அப்பா.

அப்பாவின் சத்தத்துக்குக் கொள்கை மட்டும் காரணமில்லை. மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரி. இருபது வருஷத்துக்கு மேல் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின் இரைச்சலுக்குள் நின்று நின்று காது பாதி போய்விட்டது. அவர் ரகசியம் சொன்னாலே நாலு வீடு தள்ளிக் கேட்கும். டீக்கடையில் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும்.

"ஏலே, எவனோ வெள்ளைக்காரன் டைப் அடிச்ச பேப்பர்ல டெல்லிக்காரன் போயி கையெழுத்துப் போட்டா நான் எதுக்குலே கட்டுப்படணும்? என்னைக் கேட்டானா? வீட்டுல இருக்கவனைக் கேக்காம வெளிய போயி வாக்குக் குடுக்கதுக்கு அவன் யாருலே?"

டீக்கடை கைதட்டும். அப்பாவுக்குக் கைதட்டு சரியாகக் கேட்காது, ஆனால் கைகள் ஆடுவது தெரியும். திருப்தியாக வீட்டுக்கு வருவார்.

வீட்டில் ஒரு நாய் இருந்தது. எங்கள் ஊர் பேரைச் சுமந்துகொண்டு திரியும் அதே ஜாதி. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு. நடந்து வந்தால் ஜமீன் வாரிசு மாதிரி இருக்கும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. அதற்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால் அந்த நாய்க்குக் காது சுத்தமாகக் கேட்காது.

வெள்ளை வெளேரென்று பிறக்கும் இந்தக் குட்டிகளில் சிலது அப்படித்தான் பிறக்கும். நாய் வளர்ப்பவர்கள் குட்டிக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்து, திரும்பாததை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்குவது என்றால் வேறு வீட்டுக்கு அனுப்புவது இல்லை. அம்மா பத்தாம் நாள் கண்டுபிடித்தாள். குக்கர் விசில் கிழிகிறது, குட்டி அடுப்படி மேடைக்குக் கீழே குறட்டை விடுகிறது. அப்பாவிடம் சொன்னால் "மாத்திட்டு வாரேன்" என்று சைக்கிளில் வைத்துக் கிளம்பிவிடுவார். அதனால் சொல்லவில்லை. என்னிடமும் அக்காவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று தோன்றும். அப்பா நாயைக் கூப்பிடும்போது "டேய்ய்ய்" என்று கத்திக்கொண்டே தோள் துண்டை எடுத்து ஆட்டுவார். நாய் துண்டைப் பார்த்து ஓடி வரும். தன் குரலுக்குத்தான் வருகிறது என்று அப்பா நம்பினார். அம்மா அதனுடன் பேசுவது கரண்டியால். கரண்டியை மேலே தூக்கினால் வா. கீழே காட்டினால் படு. பக்கவாட்டில் ஆட்டினால், வந்திருப்பது நம்ம ஆள், கடித்துத் தொலைக்காதே. இருவருக்கும் இடையில் ஒரு சண்டை சச்சரவு இருந்ததில்லை. எங்கள் யாரோடும் அம்மாவுக்கு அப்படிப்பட்ட ஒற்றுமை கிடையாது.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பால்கோவா போடுகிற வீடு. மெயின் ரோட்டைப் பார்த்து வாசல், பின்கட்டில் வரிசையாக அடுப்பு. எங்கள் பக்கம் கல்யாணம் பேசி முடிக்க முதலில் ஆண்கள் மட்டும்தான் போவார்கள். என்னென்ன செய்வது என்று பேசி, ஒரு தாளில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொள்வார்கள். தட்டு கையில் இருக்கும்போது சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அப்பா போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். முகமெல்லாம் பல். வாயெல்லாம் பால்கோவா வாசம். தாளை விரித்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். எழுதியது மாப்பிள்ளையின் சித்தப்பா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் முப்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தா. அதனால் கல்யாண லிஸ்ட் கிரயப் பத்திரம் மாதிரி இருந்தது. ஒன்று, மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு பஸ். இரண்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்க வீடு. அப்படியே போய், எட்டாவதில் அப்பா குரலை இன்னும் உயர்த்தினார்.

"ஷரத்து எட்டு. பெண் வீட்டாரின் அனுபோகத்தில் இருந்துவருவதும், நல்ல செவித்திறன் வாய்ந்ததுமான வெள்ளை நிற ராஜபாளையம் நாய் ஒன்று, எட்டு தினங்களுக்குள் மாப்பிள்ளை வீட்டார் வசம் ஒப்படைக்கப்படும்."

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். கரண்டி பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நாய் எழுந்தது, படுத்தது, மறுபடி எழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தது.

"எதுக்குப்பா நாய்?" என்றேன்.

"அவிய வாசல்ல பால் கேனை இறக்கி வச்சா எவனோ வந்து மொண்டுட்டுப் போறானாம். சம்மந்தி ரொம்ப வருத்தப்பட்டாரு. நான் சொன்னேன், எங்க நாய் அடுத்த தெருவுல பூனை நடந்தாக்கூட காதைத் தூக்கும்னு. அப்ப அதை எங்களுக்குத் தாங்களேன்னாரு. தட்டு கையில இருக்கு. நம்ம ஊரு மானம் என்னாவுறது? எடுத்துக்கிடுங்கன்னுட்டேன்."

அம்மா குழம்பை இறக்கி வைத்தாள். செத்த நேரம் கழித்துக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தாள்.

"ஏட்டி, நீ மதுரைல போயி படிக்கதுக்கு எதாச்சும் பிரயோஜனம் உண்டா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே."

"அந்த வீடு மெயின் ரோட்டு மேல இருக்காம்ல. பஸ்ஸுக்காரன் அடிக்கிற ஹாரன் இதுக்குக் கேக்குமா? ஒரு வாரம் தாங்காதுட்டி. தார் ரோட்டோட ஒட்டிக்கிடும்."

"அப்ப உண்மையைச் சொல்லிருவோம்."

"சொல்லு, சொல்லு. நல்ல காதுன்னு மஞ்சள் தடவி எழுதிக் குடுத்திருக்காரு உங்கப்பா. நாய் விஷயத்துலயே பொய் சொன்னவன் பொண்ணு விஷயத்துல என்ன சொல்லியிருப்பானோன்னு அவிய நினைக்க மாட்டாகளா? உங்கக்கா கல்யாணம் நின்னு போயிரும். நாயும் போகக் கூடாது, காது விஷயமும் வெளிய வரக் கூடாது. உன் சட்டத்துல எதாவது இருக்கா, இல்ல நான் வேற யாரையாவது பாக்கட்டா?"

இருந்தது! போன வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள், சூடு ஆறவில்லை. பெருபாரி.

வங்காளத்து எல்லையில் பெருபாரி என்று ஓர் இடம். ஐம்பதுகளில் நம் பிரதமரும் பாகிஸ்தான் பிரதமரும் பேசி, அதில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டபோது, ஒப்பந்தம் போடுவது அரசாங்கத்தின் உரிமைதான், ஆனால் நாட்டின் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க அந்தக் கையெழுத்து மட்டும் போதாது, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதை அம்மாவிடம் கை காலையெல்லாம் ஆட்டி விளக்கினேன்.

"அப்பா வெளிய போயி கையெழுத்துப் போடலாம்மா. ஆனா அது வீட்டுக்குள்ள செல்லணும்னா நீ சட்டம் போடணும். நாய் நம்ம வீட்டோட ஒரு பகுதி. அதைத் தூக்கிக் குடுக்க அப்பாவுக்கு மட்டும் அதிகாரம் கிடையாது."

"அப்ப நான் யாரு?"

"நீதான் பார்லிமெண்ட்."

"உங்கப்பா?"

"மந்திரிசபை."

அம்மா யோசித்தாள். "மந்திரிசபைக்குக் காது கேக்காதுங்கது சரியாத்தான் இருக்கு. போயி பேசு."

அப்பா முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதிலும் அந்த வர்த்தக ஒப்பந்தம்தான். நான் நேராகப் போய் நின்றேன்.

"அப்பா, நீங்க குடுத்த வாக்கு செல்லாது."

பெருபாரியை முழுசாகச் சொன்னேன். அப்பா நன்றாகத்தான் கேட்டார். பிரதமர் இடத்தில் தன்னை வைத்தது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீங்கதானப்பா டீக்கடையில சொன்னீங்க? வீட்டுல இருக்கவனைக் கேக்காம வெளிய போயி வாக்குக் குடுக்க அவன் யாருன்னு?"

"அது நாடு. இது வெத்தலை."

"ரெண்டும் ஒப்பந்தம்தான்."

"ஏட்டி, கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. நம்ம வீட்டுல உங்கம்மாகிட்ட கேக்கணும்னு சீவில்லிபுத்தூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் தட்டைப் பிடிச்சிட்டு நின்னேன், சரின்னேன், அவன் நம்புனான். பொறவு போயி, எங்க வீட்டுல இப்படி ஒரு சட்டம் இருக்கு, அதனால நான் சொன்னது சொல்லு இல்லன்னா, அடுத்து எவன் நம்மகூட ஒப்பந்தம் பேச வருவான்?"

வியன்னாவில் எழுதிய ஒரு ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தங்களை எப்படிப் போடுவது, எப்படி மதிப்பது என்பதற்காகவே ஓர் ஒப்பந்தம். உன் வீட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டி, வெளியே கொடுத்த வாக்கை மீறாதே என்று அதில் ஒரு விதி. இந்தியா அதில் சேரவே இல்லை என்பது வேறு விஷயம். நான் பரீட்சைக்காக நாலு ராத்திரி உருப்போட்டதை, எட்டாம் வகுப்பு பாஸான ஸ்பின்னிங் மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஆனால் நான் விடுகிற ஆளா? அதே வியன்னாவில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. மீறப்பட்டது ரொம்ப அடிப்படையான வீட்டு விதியாக இருந்து, அது மீறப்பட்டது எதிராளிக்கும் பளிச்சென்று தெரியக்கூடியதாக இருந்தால் தப்பிக்கலாம். எங்கள் வீட்டில் அம்மா சொல்லாமல் ஒரு டம்ளர் நகராது என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், கல்யாணத் தரகருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். தரகருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். போதாதா? ரெண்டு வெடிகுண்டும் ரெடி.

"அம்புட்டு சட்டம் தெரிஞ்சா அங்க வந்து பேசு. நான் வாக்கு மாற மாட்டேன்" என்று அப்பா பேப்பருக்குள் போய்விட்டார்.

எட்டாம் நாள், பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் நாள். அன்றைக்கே நாயையும் ஒப்படைப்பதாக ஏற்பாடு. வாடகை வேனில் அப்பா, அம்மா, நான், நாய். கல்யாணப் பெண் வரக் கூடாது என்பதால் அக்கா வாசலிலேயே நின்றாள். வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஏட்டி, உன் சட்டத்தைக் கொண்டுபோயி என் கல்யாணத்துல வச்சே, வீட்டுக்கு வந்ததும் உன்னை உரிச்சிருவேன்."

வழியெல்லாம் நாய் ஜன்னலில் தலையை நீட்டி, காற்றில் காதை ஆடவிட்டுக்கொண்டு வந்தது. அம்மா அதன் கழுத்துக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் தடபுடல் வரவேற்பு. நாயை வாசல் தூணில் கட்டினார்கள். எல்லோரும் முன்கூடத்தில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அப்பா ரொம்பச் சாது, சிரித்துக்கொண்டே இருப்பார். பேசுவதெல்லாம் குமாஸ்தா சித்தப்பாதான். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று கலர் பேனா.

"வாங்க மருமவளே. லா காலேஜாம்ல? ஜட்ஜம்மா ஆகிட்டா இந்த மாமாவை ஞாபகம் வச்சிக்கிடுங்க."

நான் நேரம் கடத்தவில்லை. "மாமா, எட்டாவது ஷரத்து செல்லாது" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பெருபாரியை இறக்கினேன். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பெருபாரில கோர்ட்டு குடுக்காதன்னா சொல்லுச்சு?"

"இல்ல..."

"திருத்தம் போட்டுக் குடுன்னு சொல்லுச்சு. போட்டாங்களா இல்லியா?"

"போட்டாங்க. ஆனா அந்த இடம் இன்னும் நம்மகிட்டதான் மாமா இருக்கு!"

"இருக்கும். அது நிலம், போட்ட இடத்துல கிடக்கும். முப்பது வருசம் இழுத்தடிக்கலாம். நாய் அம்புட்டு நாள் உசுரோட இருக்குமா?"

முதல் குண்டு புஸ்ஸென்று போனது. இரண்டாவதை எடுத்தேன். "எங்க வீட்டுல எல்லாம் அம்மா முடிவுதான்னு தரகர் உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னாரே. எங்க வீட்டுலயும் அண்ணன் சம்சாரம், எங்க மதினி முடிவுதான். அடுத்த வீட்டுலயும் அப்படித்தான். அதைக் காட்டி ஒப்பந்தம் செல்லாதுன்னா, இந்த ஜில்லாவுல ஒரு கல்யாணமும் செல்லாது. வேற எதாச்சும் இருக்கா மருமவளே?"

வேற இல்லை. வெறுங்கையோடு நின்றேன். முப்பது வருஷம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தவரிடம், இரண்டு செமஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அவர் என்னை அத்தோடு விடவில்லை.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. உங்க பார்லிமெண்ட்டுதான் இங்கயே உக்காந்திருக்காகளே. இப்பமே கூட்டிருவோம்." அம்மா பக்கம் திரும்பினார். "மதினி, திருத்தம் போட்டு நாயைக் குடுத்துருதீகளா? குடுக்க மனசு இல்லன்னா ஏன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. அம்மாவைப் பாராளுமன்றம் ஆக்கிய நான், பாராளுமன்றத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். சும்மா இருந்திருந்தால் அம்மா நாய்க்கு உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லி இழுத்திருப்பாள். இப்போது கூடத்தில் எல்லோரும் அவள் வாயைப் பார்க்கிறார்கள். சரி என்றால் நாய் போச்சு. முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அக்கா உரிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்று தெரிந்தது.

அந்த நேரத்தில் தென்காசிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. முன்னால் போன மாட்டு வண்டியைப் பார்த்து டிரைவர் ஏர் ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்தினான். வாசலில் நின்ற கோழிகள் பறந்தன, கன்றுக்குட்டி கயிற்றை இழுத்தது, சித்தப்பா பேனாவைக் கீழே போட்டார். அப்பாகூட "எவன்லே அது" என்று திரும்பினார். நாய் மட்டும், கயிறு நீண்ட மட்டும் ரோட்டுப் பக்கமாகப் போய், பின்காலைத் தார் ரோட்டில் நீட்டிப் படுத்து, வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது.

அம்மா எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது நாய் அவள் இடுப்பில் இருந்தது. அவ்வளவு பெரிய நாய், நாலு காலும் தொங்க. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அம்மா கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து நாயை நடுவில் இறக்கினாள்.

"இதுக்குக் காது கேக்காது. பொறந்ததுல இருந்தே கேக்காது. எட்டாவதுல எழுதியிருக்கது பொய். அந்தப் பொய்யை இவரு சொல்லல, இவருக்கே தெரியாது. அஞ்சு வருசமா மறைச்சு வச்சது நான்தான். உங்களுக்கு என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா முதல் முறையாகச் சிரிப்பதை நிறுத்தினார். சித்தப்பா மெதுவாகக் குனிந்து பேனாவை எடுத்தார்.

"கேக்காதா?" என்றார் அப்பா. "நான் கூப்பிட்டா வருதே?"

"துண்டைக் கீழ வச்சிட்டுக் கூப்பிடுங்க."

அப்பா துண்டை மடித்து சித்தப்பா மடியில் வைத்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "டேய்ய்ய்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாசோடு எட்டிப் பார்த்தார். மாட்டு வண்டி நின்றது. நாய் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்து, கண்ணை மூடியது.

"இத்தனை வருசமா துண்டைத்தான் பாத்திருக்கியாடா" என்றார் அப்பா. என்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. நாயிடம்தான் சொன்னார்.

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "இது வந்து... முக்கியமான விவரத்தை மறைச்சது. மோசடில வரும். ஒப்பந்தத்தையே..."

"என்ன நாயி?"

குரல் பின்கட்டிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு அத்தை முறை. அம்மா பேசியது பின்கட்டுக்கும் கேட்டிருக்கிறது, அப்பா போட்ட சத்தத்தில் அடுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் பால் கிண்டுகிற நீளக் கரண்டி, தோளுக்கு மேலே. அதைப் பார்த்ததும் நாய் சட்டென்று எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவரிடம் போய் நின்றது.

"போ, போ, அங்குட்டுப் போ" என்று கரண்டியைக் கீழே காட்டி விரட்டினார். நாய் படுத்துக்கொண்டது.

"காது கேக்காதுன்னீக? நல்லா கேக்குதே." பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "ஆமா, யாரு கேட்டா இந்த நாயை?"

மாப்பிள்ளையின் அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கேன். பால் கொதிக்கிற வீட்டுல நாய் மயிரு பறந்தா எவன் வாங்கித் திம்பான் பால்கோவாவை? எட்டு நாளா லிஸ்ட்டுல எழுதி வச்சிருக்கீக, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?"

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து குதிக்கலாம்போல் இருந்தது. எங்கள் பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமும் பாராளுமன்றத்தைக் கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! ஆனால் அம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். சித்தப்பா சொன்ன மோசடி என்ற வார்த்தை இன்னும் அவள் காதில் இருந்தது.

"நான் மறைச்சது தப்புதான், மதினி" என்றாள். "அதை வச்சி எம்மவளைத் தப்பா நினைச்சிராதீக."

அத்தை கரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது, அப்பாவைத் தவிர.

"அதை விடுங்க மதினி. புருசனுக்குத் தெரியாம அஞ்சு வருசமா? எப்படி? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அம்மா சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பாவும் பழையபடி சிரிக்க ஆரம்பித்தார், ஆனால் கொஞ்சம் யோசனையோடு.

சித்தப்பா மட்டும் சும்மா விடவில்லை. எழுதியதை அடிக்க வேண்டும் என்றால் முறைப்படி அடிக்க வேண்டும். சிவப்புப் பேனாவால் எட்டாவது ஷரத்தின் மேல் ஒரு கோடு போட்டார். ஓரத்தில், பத்திரத்தில் அடித்தல் திருத்தல் குறிப்பது மாதிரி, "இதில் ஒரு நாய் அடித்தல்" என்று எழுதினார். யாரைக் கேட்காமல் விட்டதால் இவ்வளவும் வந்ததோ அவர்களே கையெழுத்துப் போடட்டும் என்று தாளையும் பேனாவையும் அம்மாவிடமும் அத்தையிடமும் நீட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு.

அம்மா பேனாவை வாங்கினாள். ஆனால் உடனே போடவில்லை. தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு ரெண்டு பஸ்ஸு எதுக்கு?"

"அதான?" என்றார் அத்தை, கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்து. "எங்க ஆளு எல்லாம் சேத்தா அறுபது தேறாது. ரெண்டாவதுல யாரு வாரா?"

மாப்பிள்ளையின் அப்பா அவசரமாக எழுந்து வாசலில் கோழி விரட்டப் போய்விட்டார். உள்ளே இலை போட்டாகிவிட்டது, வாங்க சாப்பிடலாம் என்று சித்தப்பா கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் நிமிரவில்லை. இரண்டாவது ஷரத்தில் இறங்குகிற வீட்டைக் குறைந்தது கோவில் பக்கமாக மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னாள். மூன்றாவதைப் பார்த்து அத்தை தலையில் அடித்துக்கொண்டார். நாலாவதை இருவரும் சேர்ந்தே அடித்தார்கள். ஓரத்தில் எழுத இடம் போதாமல் சித்தப்பாவிடம் இன்னொரு தாள் கேட்டார்கள்.

சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார். "மருமவளே, இதை நிப்பாட்ட உங்க புஸ்தகத்துல எதாவது வழி இருக்கா?"

"இல்ல மாமா. கூடியாச்சுன்னா அவிய இஷ்டம்தான்."

"என்ன சொல்லுதாக?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டாவது பஸ் கிடையாதாம்பா."

"நான் தட்டைப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னேனேட்டி!"

"அம்மாகிட்ட சொல்லுங்க."

அப்பா எழுந்தார். இரண்டு அடி வைத்தார். அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா, கை கழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் இலையில் உட்கார்ந்தபோது மணி நாலு. சாம்பார் ஆறி ஆடை கட்டியிருந்தது. அப்போதும் அவர்கள் ஐந்தாவது ஷரத்தைத் தாண்டவில்லை. காலை டிபனுக்குக் கேசரியா அல்வாவா என்பதில் இரண்டு பாராளுமன்றத்துக்கும் முதல் கருத்து வேறுபாடு வந்திருந்தது. நான் கை கழுவிவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, நாய் வேனில் ஏறி என் சீட்டில் முழு நீளத்துக்குப் படுத்திருந்தது. தள்ளிப் படு என்று சொல்லிப் பார்த்தேன். எங்கே கேட்கிறது? ராஜபாளையம் வரைக்கும் நான் நின்றுகொண்டே வந்தேன்.